மீனுக்கு ஏன் ஒரு பாடம் இல்லை?

ஜாஹிழின் 'கிதாபுல் ஹயவான்' பற்றி ஒரு விமர்சனம் எழுதித் தரும்படி இதழாசிரியர் கேட்டபோது மறுத்துவிடத்தான் நினைத்தேன். நான் உயிரியல் படித்தவனல்ல. முப்பது வருடம் அரபு படிப்பித்து ஓய்வு பெற்றவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கிண்ணியாச் சந்தையில் செவுளை விரித்துப் பார்த்து வாங்குகிற அளவுதான். ஆனால் என் மேசை லாச்சிக்குள் இரண்டு வருடமாக ஒரு தாள் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதியது. அந்தத் தாள் இல்லாவிட்டால் ஜாஹிழை நான் ஒழுங்காக வாசித்திருக்கவே மாட்டேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மீலாத் விழாவையொட்டிக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். உயிரியலுக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்பது தலைப்பு. நடுவர் மூவரில் நான் ஒருவன். வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே கட்டுரை என்றே சொல்லலாம். டார்வினுக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பரிணாமக் கோட்பாட்டை ஜாஹிழ் சொல்லிவிட்டார், ஐரோப்பா அதை மறைத்துவிட்டது என்ற செய்தி ஏறக்குறைய ஒரே சொற்களில் எல்லாவற்றிலும் இருந்தது. ஜாஹிழுக்கு அடுத்து தமீரி, அவருக்கு அடுத்து இப்னு நபீஸ். பெயர்கள் வரிசையாக வந்து போயின. ஒரு பூனை, ஒரு நண்டு, ஒரு கொசு கூட அந்தக் கட்டுரைகளுக்குள் உயிரோடு இருக்கவில்லை.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. எழுதியவள் கடற்றொழில் செய்கிற ஒருவருடைய மகள். ஒன்றரைப் பக்கம். ஜாஹிழ் இல்லை, தமீரி இல்லை. 'அல்லாஹ் படைத்த கடலில் எனக்கு விளங்காதவை' என்று தானாகவே ஒரு தலைப்புப் போட்டு, கீழே கேள்விகளை எழுதியிருந்தாள். கடலிலே இருக்கிற மீனுக்குத் தாகம் எடுக்குமா, எடுத்தால் உப்புத் தண்ணியையா குடிக்கும்? உயிரோடு பச்சையும் நீலமுமாக இருக்கிற நண்டு, சட்டியில் போட்டால் ஏன் சிவக்குது? மீன் கண்ணை மூடாமல் எப்படித் தூங்கும்? சிப்பிக்குக் கால் இல்லை, அப்படியென்றால் போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் ஏன் இல்லை? கடைசிக் கேள்வி: 'வாப்பா சொல்ற, நிலவு காலத்துல சூடை படாது எண்டு. அது ஏன்?'

மற்ற இரண்டு நடுவர்களும் நல்ல மனிதர்கள். "புள்ள நல்லாத்தான் எழுதியிரிக்கி சேர். ஆனா தலைப்புக்குள்ள வரல்லயே" என்றார் ஒருவர். "கேள்விய மட்டும் கேட்டுட்டு விட்டா அது கட்டுரையா?" என்றார் மற்றவர். நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது ஆளாகக் கையெழுத்து வைத்தேன். தாளை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது ஒருவகைக் களவுதான்.

அதற்குப் பிறகுதான் மத்ரஸா நூலகத்துக்குப் போய்க் 'கிதாபுல் ஹயவானை' எடுத்தேன். அப்துஸ் ஸலாம் முஹம்மத் ஹாரூன் செப்பனிட்டு, 1938 முதல் 1945 வரை கெய்ரோவில் வெளிவந்த ஏழு பாகங்கள். முதல் பாகம் விரல் பட்டுப் பழுப்பேறியிருந்தது. ஆறாம் பாகத்தின் தாள்கள் பல இடங்களில் வெட்டப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. வெங்காயம் வெட்டுகிற கத்தியால் பிரித்துப் பிரித்து வாசித்தேன். இந்தத் தீவில் ஜாஹிழைப் புகழ்ந்து எழுதிய எத்தனை பேர் அந்தத் தாள்களைத் தாண்டிப் போனார்கள் என்ற நினைப்பு வராமல் இல்லை. நானும் புகழ்ந்து எழுதியவன்தான்.

ஜாஹிழ் பஸராக்காரர். கி.பி. 776 அளவில் பிறந்து ஹிஜ்ரி 255 இல் மறைந்தார். ஏழைக் குடும்பம். சின்ன வயதில் பஸராவின் ஸைஹான் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். துறைமுகப் பட்டணத்து மீன்காரப் பொடியன் ஒருவன் வளர்ந்து உலகத்திலே பேசப்படுகிற விலங்கு நூலை எழுதினான் என்பது எங்களைப் போன்ற துறைமுகத்து ஆட்களுக்கு இனிக்கிற செய்தி. நூலை அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத்துக்கு அர்ப்பணித்து ஐயாயிரம் தீனார் வாங்கினார் என்பதும் இனிக்கத்தான் செய்யும், எழுதுகிறவர்களுக்கு.

பிள்ளைகள் எல்லோரும் எழுதிய அந்தப் பரிணாம மேற்கோளைத் தேடினேன். உயிர்கள் பிழைப்பதற்காகப் போராடுகின்றன, சூழல் அவற்றில் புதிய இயல்புகளை உண்டாக்குகிறது, அவை புதிய இனங்களாக மாறுகின்றன என்று அழகாக மூன்று வரியில் வருமே, அது. நூலில் அப்படி ஒரு பந்தி இல்லை. நவீன ஆய்வாளர் ஒருவர் தன் விளங்கலைச் சுருக்கி எழுதியதை, பின்னால் வந்தவர்கள் மேற்கோள் குறி போட்டு ஜாஹிழின் வாயில் வைத்துவிட்டார்கள். ஹதீஸுக்கு ஸனது பார்க்கிற சமூகம் நாம். இந்த வரிக்கு ஸனது கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்காக ஜாஹிழிடம் ஒன்றுமில்லை என்று சொல்லவரவில்லை. எலி தன்னிலும் சிறியதைத் தேடிப் போகிறது, தன்னைத் தின்னும் பாம்புக்கு ஒளிக்கிறது, அந்தப் பாம்பைத் தின்ன வேறொன்று இருக்கிறது என்று ஒன்றையொன்று தின்னும் வரிசையை விரிவாகச் சொல்கிறார். பனூ ஸுலைம் கூட்டத்தார் வாழ்ந்த கரிய எரிமலைக்கல் நிலத்தில் மனிதரும் தீக்கோழியும் பூச்சியும் எல்லாமே கறுப்பாக இருப்பதைக் குறித்து, அது அந்த மண்ணின் வேலை என்று எழுதியிருக்கிறார். கூர்மையான கண். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தவை மட்டும் பெருகுவதால் இனம் மாறுகிறது என்ற டார்வினின் கணக்கு அங்கே இல்லை. இருக்கிறதென்று சொல்வது ஜாஹிழுக்கும் அநியாயம், டார்வினுக்கும் அநியாயம். அழுகலிலிருந்து பூச்சிகள் தாமாகப் பிறக்கும் என்று தன் காலத்தவர் போலவே அவரும் நம்பினார். அந்தப் பக்கங்களை நமது கட்டுரையாளர்கள் காட்டுவதில்லை.

அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்வி கேட்கிற முறை என்பேன். ஒட்டகச்சிவிங்கி பெண் ஒட்டகமும் காட்டு மாடும் கழுதைப்புலியும் கலந்து பிறந்தது என்று அன்றைக்குப் பெரியவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாரசீகப் பெயரே அதற்குச் சாட்சி என்றார்கள், ஏனென்றால் அந்தப் பெயரில் ஒட்டகமும் மாடும் சிறுத்தையும் இருக்கின்றன. ஜாஹிழ் திருப்பிக் கேட்கிறார்: தீக்கோழியைப் பாரசீகர் ஒட்டகப் பறவை என்கிறார்களே, ஒட்டகமும் பறவையும் சேர்ந்தா அதைப் பெற்றன? சாயலைப் பார்த்து வைத்த பெயர் வேறு, பிறப்பு வேறு என்று முடித்துவிடுகிறார். இது ஆய்வுகூடத்தில் வந்த பதில் இல்லை. நேரான மூளையுள்ள யாரும் கேட்கக்கூடிய கேள்வி. ஆனால் அவர்தான் கேட்டார்.

அவருடைய ஆசிரியர் நள்ளாமும் ஒரு பிரபுவும் சேர்ந்து மிருகங்களுக்கு மது கொடுத்து, எது எப்படி வெறிக்கிறது என்று பார்த்த கதையும் நூலில் வருகிறது. ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் மானுக்கும் கொடுத்திருக்கிறார்கள், பாம்பையும் விடவில்லை. மீலாத் மேடையில் இதைச் சொல்ல முடியாது, சரி. ஆனால் ஒன்றையே பல உயிர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்று அந்த ஆட்களுக்கு விளங்கியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பஸராவின் காழி அப்துல்லாஹ் பின் ஸவ்வாரின் கதை. அசையாமல் தூண் மாதிரி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர். ஒருநாள் ஓர் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்து கண் ஓரத்துக்குப் போகிறது. பொறுக்கிறார், இமைக்கிறார், கடைசியில் சபை முழுக்கப் பார்த்திருக்கக் கையை வீசி விரட்டுகிறார். அல்லாஹ்வின் படைப்பில் மிகப் பலவீனமான ஒன்று என்னைத் தோற்கடித்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு, ஸூரத்துல் ஹஜ்ஜில் ஈயைப் பற்றி வருகிற வசனத்தை ஓதுகிறார். காழியைச் சிரிப்பதற்காக மட்டும் ஜாஹிழ் இதைச் சொன்னதாக எனக்குப் படவில்லை. ஈ எங்கே உட்கார்ந்தது, எப்போது எழும்பியது, மூக்கிலிருந்து கண்ணுக்கு எப்படிப் போனது என்று ஈயின் பக்கத்தையும் அதே கவனத்தோடு எழுதியிருக்கிறார்.

இப்போது ஆறாம் பாகத்துக்கு வருகிறேன். கத்தியால் பிரித்த தாள்களில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். உப்புத் தண்ணீரிலும் நன்னீரிலும் வாழ்கிற மீனுக்கும் அதோடு வாழ்கிற மற்றவற்றுக்கும் தனியாக ஒரு பாடம் ஒதுக்கவில்லை என்று ஜாஹிழ் தானே சொல்கிறார். காரணங்களும் சொல்கிறார். ஒன்று, அவற்றைப் பற்றிச் சான்று காட்டப் போதிய அரபுக் கவிதை இல்லை. மற்றது, செய்தி சொல்கிறவர்கள் கடலோடிகள் மட்டும்தான். அவர்கள் சொல்லுக்குப் பொறுப்பு எடுக்காதவர்கள், செய்தி எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு விரும்புகிறவர்கள் என்று தள்ளிவிடுகிறார்.

எனக்குக் கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை. ஸைஹான் கரையில் மீன் விற்ற மனிதர்! ஏழு பாகம் எழுதி, நாய்க்கும் சேவலுக்கும் பக்கம் பக்கமாக வழக்காட இடம் கொடுத்துவிட்டு, மீனுக்கு ஒரு பாடம் இல்லை. தோணியிலிருந்து கூடை இறக்கினவர்களோடு வளர்ந்தவருக்கு அவர்களுடைய பேச்சு சாட்சியாகப் படவில்லை. பாலைவனத்துக் காட்டரபி சொன்னால் கவிதையோடு ஏற்றுக்கொள்கிறார். கடல்காரன் சொன்னால் அளப்பு என்கிறார். கவிதை இல்லாத இடத்தில் மீனும் இல்லை! மொழி படித்த நமக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். அரபு படிப்பித்த முப்பது வருடத்தில் ஸமக் என்ற சொல்லின் பன்மையை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். ஒரு மீனையும் வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை.

இந்தக் குறையை முதலில் பிடித்தவர் வெள்ளைக்காரர் இல்லை. ஹிஜ்ரி நாலாம் நூற்றாண்டில் மஸ்ஊதி பிடித்துவிட்டார். காண்டாமிருகத்தின் குட்டி ஏழு வருடம் வயிற்றில் இருக்கும், இடையிலே தலையை வெளியே நீட்டி மேய்ந்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும் என்ற கதையை ஜாஹிழின் கூற்றாகக் காட்டி, மஸ்ஊதி என்ன செய்தார் தெரியுமா? ஸீராபிலும் ஓமானிலும் இருந்து இந்தியாவுக்குப் போய்வருகிற கடலோடிகளிடமும், தான் இந்தியாவில் கண்ட வியாபாரிகளிடமும் கேட்டார். எல்லோரும் அதிசயப்பட்டார்களாம். மாடு, எருமை ஈனுவது போலத்தான் அதுவும் ஈனும் என்றார்களாம். சிந்து நதியும் நைலும் ஒன்று, இரண்டிலும் முதலை இருக்கிறதே என்று ஜாஹிழ் எழுதியதற்கும் மஸ்ஊதி சூடாகவே பதில் சொல்கிறார். கடலில் போகாத, அதிகம் பயணிக்காத ஆள், இரவில் விறகு பொறுக்குகிறவன் கைக்குப் பட்டதையெல்லாம் கட்டுகிற மாதிரி எழுதிவிட்டார் என்பது அவருடைய தீர்ப்பு. ஜாஹிழ் யாரை நம்பவில்லையோ அவர்களிடமே கேட்டு ஜாஹிழைத் திருத்தியிருக்கிறார். நமது இலக்கியத்தில் இதைவிட நல்ல விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

கடலோடிகளின் பேச்சு முழுக்க உண்மை என்று யாரும் சொல்ல முடியாது. ஜாஹிழ் உயிரோடு இருந்த காலத்திலேயே, கி.பி. 851 இல், 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்ற தொகுப்பு எழுதப்பட்டது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் ஸரந்தீபுக்கும் ஓடிய வியாபாரிகள் சொன்னவை. அதிலே ஒரு முழம் நீளமான சின்ன மீன் ஒன்று வருகிறது. பெரிய திமிங்கிலத்தின் காதடியில் ஒட்டிக்கொண்டு அதைக் கொல்லாமல் விடாதாம். கப்பலிலும் ஒட்டுமாம். கொல்வது கட்டுக்கதை. ஆனால் ஒட்டுவது உண்மை. தலையின் மேலே உறிஞ்சும் தட்டோடு சுறாவிலும் ஆமையிலும் திமிங்கிலத்திலும் தோணியின் அடியிலும் ஒட்டிக்கொண்டு போகிற மீனைப் புறாமலைப் பக்கம் முக்குளிக்கிறவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். கதையின் ஒரு பாதி பொய் என்பதற்காக மற்றப் பாதியையும் ஜாஹிழ் கடலில் எறிந்துவிட்டார். இரண்டாவது ஆளிடம் கேட்டிருந்தால் பிரித்திருக்கலாம்.

எங்கள் துறைமுகத்துக்கும் இப்படிக் கேட்கிற ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமது சஞ்சிகைகள் எழுதுவதில்லை, அவர்கள் நம்மவர்கள் இல்லை என்பதால். எமர்சன் டெனன்ட் காலனித்துவச் செயலாளராக 1845 இல் வந்தவர், அரசாங்க உத்தியோகத்தர், விலங்கியல் அவருக்குத் தொழில் அல்ல. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் ஏதோ பாடுகிறதாமே என்று கேள்விப்பட்டு இரவில் தோணியில் போய் மரத்தோடு காதை வைத்துக் கேட்டார். மீன்காரர்கள் அதைச் சிப்பியின் சத்தம் என்றார்கள். அவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரை உச்சரிப்புக் கெட்டு, ஆனாலும் 'ஊரி' என்று விளங்குகிற மாதிரி எழுதி வைத்தார். பாடுவது சிப்பியா மீனா என்ற வழக்கு அவரோடு முடியவில்லை. ஆனால் மீன்காரனுடைய சொல் அச்சேறிவிட்டது.

திருகோணமலைக்கு உரியவர் கெலார்ட். 1819 இல் இந்த நாட்டிலேயே பிறந்த பறங்கியர், படை வைத்தியர். அவருக்கும் உயிர்களைப் பார்ப்பது வைத்தியத்துக்கு வெளியே வைத்திருந்த ஆசைதான். எங்கள் குடாவின் ஓடில்லாக் கடல் நத்தைகளை, உள்ளங்கையில் வைத்தால் சளி மாதிரி ஒட்டுகிற அந்தப் பிராணிகளை, நிறம் தீட்டிப் படம் வரைந்து 1858 இலும் 1859 இலும் வெளியிட்டார். யாருக்கும் பிரயோசனமில்லாத வேலை என்று அன்றைக்குத் துறைமுகத்தில் சிரித்திருப்பார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் சேர் சார்ல்ஸ் எலியட் என்ற இன்னொருவர் அந்தப் படங்களை வைத்துக்கொண்டே தென்னிந்திய, இலங்கைக் கடல் நத்தைகளைப் பற்றி எழுதினார்.

அரசாங்கம் கெலார்ட்டிடம் கேட்டது வேறு. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு வருடக் கணக்காக இல்லாமல் போகும், பிறகு வரும். சிப்பி எங்கே போகிறது? 1857 முதல் இதற்கு அவர் அறிக்கைகள் எழுதினார். சிப்பியை உயிரோடு பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். பாறையைப் பிடித்திருக்கிற நார்களைச் சிப்பி தானே அறுத்துக்கொண்டு நகர்ந்து வேறோர் இடத்தில் புதிய நார் விட்டுப் பிடிப்பதைக் கண்டார். லாச்சிக்குள் கிடக்கிற தாளின் நாலாவது கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் இது. எங்கள் துறைமுகத்திலேயே, நூற்றுச் சொச்ச வருடங்களுக்கு முன்னர் சொல்லப்பட்ட பதில். அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

முழுப் பதில் இல்லை என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தம்பலகாமம் குடாவில் கண்ணாடி போல மெல்லிய ஒரு தட்டைச் சிப்பி. அதற்குள்ளும் சின்ன முத்துகள் இருக்கும். அன்றைக்கு அவை இந்தியாவுக்குப் போய்ச் சுட்டுச் சுண்ணாம்பாகிப் பணக்காரர் வெற்றிலையில் சேர்ந்தன. 1858 க்கு முந்திய மூன்று வருடத்தில் குத்தகைக்காரர் எடுத்தது ஒரு கோடியே எண்பது இலட்சம் சிப்பிக்குக் குறையாது என்று கணக்கு உண்டு. போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாததற்கு நார் அறுவது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்வியும் நமக்குச் சொந்தமானது. சித்திரை மழையின் துளியைச் சிப்பி வாய் திறந்து வாங்குகிறது என்ற கதை அரபியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. இப்னு பதூதா பாரசீக வளைகுடாவில் கேட்டதை எழுதினார்: சிப்பிக்குள் இருக்கும் சதைத் துண்டுகள் காற்றுப் பட்டதும் இறுகி முத்தாகின்றன. காற்று பிழை. சதை என்றது அவ்வளவு பிழையில்லை. கெலார்ட்டும் சுவிஸ் விலங்கியலாளர் ஹம்பர்ட்டும் சிப்பிக்குள் புழுக்களைக் கண்டு, முத்து அவற்றைச் சுற்றித்தான் படிகிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். 1902 இல் வந்த ஹெர்ட்மன் நாடாப்புழுவின் குஞ்சு என்று உறுதியாகச் சொன்னார், பின்னால் வந்தவர்கள் அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை. இன்றைய விளக்கம் இதுதான்: ஓட்டைச் சுரப்பது சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கிற மென்தோல். காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தத் தோலின் உயிரணுக்கள் உள்ளே தள்ளப்பட்டுப் பையாகச் சூழ்ந்தால், ஓட்டுக்குச் சுரக்கிற அதே பொருள் அந்தப் பைக்குள் படலம் படலமாகப் படிந்து முத்தாகிறது.

கெலார்ட்டிலும் ஒரு குறை உண்டு, ஜாஹிழின் குறைக்குத் தூரத்துச் சொந்தம். பாத்திரத்துக்குச் சிப்பியைக் கொண்டுவந்தது யார்? அவர் முக்குளித்தவரல்ல. முத்துக்குளிப்பில் மூச்சடக்கி இறங்கியவர்களில் கீழக்கரையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த நம்மவர்கள் நிறையப் பேர். புழுவுக்கும் சிப்பிக்கும் இலத்தீன் பெயர் உண்டு, அறிக்கை எழுதியவருக்கும் பெயர் உண்டு. ஒரு தேரைக்கும் கெலார்ட்டின் பெயர் வைத்திருக்கிறார்கள். இறங்கி எடுத்தவனுக்குப் பெயர் இல்லை.

ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, நான் கையெழுத்து வைத்ததை நினைத்தால். எமது சஞ்சிகைகளில் இந்த நாற்பது வருடமாக வருகிற 'முஸ்லிம் விஞ்ஞானிகள்' கட்டுரைகளை எடுத்து வாசித்துப் பாருங்கள், எனது இரண்டையும் சேர்த்து. யார் முதலில் சொன்னார் என்பதற்குப் பதில் இருக்கும். சொன்னது சரியா, எப்படித் தெரியும், இங்கே பொருந்துமா என்ற கேள்விகள் இருக்காது. ஒட்டகத்தைப் பார்க்கச் சொல்லும் அல்காஷியா வசனம் ஒரு கேள்வியாகவே இறங்கியிருக்கிறது. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலத்தில் பாதையில் கடக்கும்போது, மிதந்து வந்த சொறிமுட்டையைக் காட்டி "இதுக்கு வாய் எங்க?" என்று கேட்டு ஓதித்தந்த லெப்பையிடம் குட்டு வாங்கியவன் நான். அந்த வாய் நடுவிலே அடிப்பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டது அறுபது வயதுக்குப் பிறகு.

தாளுக்குத் திரும்புகிறேன். கடல் மீன் குடிக்கிறது, உப்புத் தண்ணியைத்தான். அதன் இரத்தத்தைவிடக் கடல் உப்பு அதிகம், அதனால் உடம்பிலுள்ள நீர் செவுள் வழியே வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஈடுசெய்யக் குடிக்கிறது, உப்பைச் செவுளின் உயிரணுக்கள் திரும்ப வெளியே தள்ளுகின்றன. குளத்து மீனுக்கு இது தலைகீழ். நீர் தானாக உள்ளே வருவதால் அது குடிப்பதில்லை என்றே சொல்லலாம், சிறுநீர்தான் அதிகம். மகாவலித் தண்ணி கலக்கிற கொட்டியாரக் குடாவில் இரண்டுக்கும் இடையே போய்வருகிற மீன் தன் உடம்பின் வேலையையே திருப்பிப் போடுகிறது. நண்டின் ஓட்டில் சிவப்பு நிறப்பொருள் முன்பே இருக்கிறது, ஒரு புரதம் அதைப் பிடித்து நீலமாகக் காட்டுகிறது, சூடு அந்தப் பிடியை உடைத்துவிடுகிறது. மீனுக்கு நம்மைப் போல் இமை இல்லை, கண் திறந்தபடியே ஓய்கிறது. கிளிமீன்களில் சில, இரவில் தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு போர்வை செய்துகொண்டு அதற்குள் கிடக்கின்றன. இவ்வளவையும் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் புத்தகத்தில் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆகவே போன மாதம் சந்தையில் அந்தப் பிள்ளையின் வாப்பாவைக் கண்டபோது தாளைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவரிடமே கேட்டேன்.

"தம்பி, நிலவு காலத்துல சூடை ஏன் படுதில்ல?"

"நிலவெண்டா கடல் முழுக்க வெளிச்சம் சேர். நம்மட லைட்டுக்கு அது ஏன் தேடி வரப் போவுது?"

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "அதில்ல. நிலவுல அதுக்கு வலை வெளங்கும்."

இரண்டும் நியாயமாகப் பட்டது. எது சரி என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது பற்றிக் கரையில் நடக்கிற சட்டச் சண்டை வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை. வாப்பா கொஞ்சம் யோசித்தார்.

"லைட்டு இல்லாம வலை போடுறவன்ட கேக்கணும். அவனுக்கும் நிலவுல குறையுதெண்டா இவர் சொல்றது சரி. அவனுக்குக் குறையல்லயெண்டா நான் சொல்றது சரி."

அவருடைய மச்சான் ஒருவர் இறக்கக்கண்டிப் பக்கம் லைட் இல்லாமல் வலை போடுகிறாராம். பதினாலாம் பிறை கழிய வரச் சொல்லியிருக்கிறார்.